இரண்டே முக்கால் நிமிடப் படம்

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற ஒவ்வொருவனுக்குள்ளும் எடுக்காத படம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு நின்றவர்களே, உங்களுக்கும் ஓடியிருக்கும். யுத்த காலத்தில் வெள்ளவத்தை ஸ்ரூடியோ ஒன்றில் வேலை செய்த எனக்கு ஓடிய படம் மிகவும் சின்னது. ஒரு பெண் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையால் நடந்துபோய்க் கடலைப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான்.

நடிக்க ஒத்துக்கொண்டவள் யோகா. யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்து, ஸ்ரூடியோவுக்கு எதிரே இருந்த லொட்ஜில் கனடா விசாவுக்காகக் காத்திருந்தாள். பாஸ்போட் படம் எடுக்க வந்தவளிடம்தான் கேட்டேன். அவள் போவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால் எதில் எடுப்பது?

சும்மா கிடைத்த வீடியோ

முகூர்த்தமில்லாத நாட்களில் ஸ்ரூடியோவின் வி.எச்.எஸ். கமரா சும்மா கிடந்தது. கசெற்றில் பிடிக்காததை அழித்துவிட்டு மேலேயே எடுக்கலாம். முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்துப்போய், யோகாவை ஒழுங்கையில் நடக்கவிட்டேன்.

அந்தக் காலத்து வெள்ளவத்தையில் ஒருவன் தோளில் வீடியோவோடு நின்றால், அது வெளிநாட்டுக்குப் போகிற கசெற் என்று எல்லோருக்கும் தெரியும். மரக்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா யோகாவை மெதுவாக விலக்கிவிட்டு, லென்ஸுக்கு நேரே நின்று, சேலையைச் சரிசெய்து, தான் சுகமென்றும் கால் வீக்கம் வற்றிவிட்டதென்றும் தன் தம்பிக்குச் சொன்னார். பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். என் கதாநாயகி மதிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கமராவை இறக்கியதும் அந்த அம்மா கேட்டார்: "தம்பி, இது ரொறன்ரோவுக்குத்தானே போகுது?"

அரிசிப் பேணி

கொட்டாஞ்சேனையில் என் கூட்டாளி அன்ரன் வீட்டில் பதினாறு எம்.எம். கமரா ஒன்று இருந்தது. கோயில் திருநாள்களைப் படம் பிடித்த அவனுடைய மாமா, கமராவையும் புரொஜெக்டரையும் விட்டுவிட்டு வெளிநாடு போயிருந்தார். கடல்காற்றில் லென்ஸ் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, அன்ரன் கமராவை அரிசிப் பேணிக்குள் புதைத்து வைத்திருந்தான். பற்றரி வேண்டாம், சாவி கொடுத்தால் ஓடும். ஒரு சாவிக்கு இருபத்தைந்து செக்கன். தையல் மெஷின் மாதிரிச் சத்தம் போடும்; ஆனால் ஒரு சொல்லும் பதிவாகாது. கூடவே திகதி முடிந்த பிலிம் ரோல் ஒன்றே ஒன்று. இரண்டே முக்கால் நிமிடம்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். குசினி ஜன்னலில் காய்ந்த துவாய்கூட, முன்பு எப்போதோ கனவில் கண்டது போலத் தெரிந்தது. அங்கேயே மனம் போய்விட்டது. ஆனால் ரோல் பழுதாயிருந்தால்? கழுவ இந்தியாவுக்கல்லவா அனுப்ப வேண்டும்? வீடியோ என்றால் அன்றைக்கே பார்க்கலாமே? இப்படியே மூன்று மாதம் போனது. ஒருநாள் லொட்ஜ் வாசலில் யோகா மறித்துச் சொன்னாள்: "நீங்கள் கமரா தெரிவுசெய்து முடிக்க முதல் எனக்கு அங்க சிற்றிசன் கிடைச்சிடும் போல கிடக்கு."

ஆறு செக்கன்

விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிளேன். செவ்வாய்க்கிழமை கமராவை அரிசி தட்டி எடுத்து, ரோலைப் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். துணிப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, கமரா நிறுத்துகிற முக்காலியின் கால்களைக் கண்டதும் ஆமிக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, கமராவைத் திறக்கச் சொன்னார். திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். வேறு ரோல் இல்லை.

தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அடையாள அட்டையை இரண்டு தரம் பார்த்தார். கடைசியில், கமராதான் என்றால் ஓட்டிக் காட்டு என்றார். சாவி கொடுத்து அவரையே எடுத்தேன். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருக்க வேண்டும். தொப்பியைச் சரிசெய்து நேராக நின்றார். ஆறு செக்கன் போனது. நான் பையை மூடும்போது, அண்ணன் முறை வைத்துச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "அய்யே, அம்மாவுக்கு அனுப்ப எனக்கும் ஒரு கொப்பி வேணும்."

ஐந்தரை மணி வெளிச்சம்

புதன்கிழமை பின்னேரம் யோகா ஒழுங்கையால் நடந்து, ரெயில் பாதையைக் கடந்து, கடலோரக் கற்களுக்கு வந்தாள். அந்தச் சின்னக் கமராவை யாரும் வீடியோவாக மதிக்கவில்லை. ஒருவரும் வெளிநாட்டுத் தம்பிக்குச் சுகம் சொல்லவில்லை. வெளிச்சம் தண்ணீரிலிருந்து எழும்பி அவள் முகத்தில் அசைந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லவும் மூன்று மாதம் இருந்தது. நான் லென்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்துவிட்டேன். ரோல் முடிந்த பிறகும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தாய்க்கு விசா இல்லை. அவர் லொட்ஜில் தனியே இருக்கப்போகிறார். செருப்பிலிருந்த மண்ணைக் கல்லில் தட்டிக்கொண்டு யோகா சொன்னாள்: "படம் வந்தா முதல் அம்மாவுக்குக் காட்டுங்கோ. ஊருக்குக் காட்டுறது பிறகு."

சுவர்

ரோல் இந்தியாவுக்குப் போய்க் கழுவி வர ஏழு மாதம் பிடித்தது. நிறம் கொஞ்சம் பச்சையடித்திருந்தது. ஆனால் அவள் இருந்தாள். யோகாவின் தாயை அன்ரன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். லொட்ஜில் இருந்தது கசெற் போட்டுப் பார்க்கிற வீடியோ டெக்தான். அதனால் படத்தை வெள்ளைச் சுவரில் ஓட்டி, அதை ஸ்ரூடியோ வீடியோவால் எடுத்து அவருக்கு ஒரு கசெற் கொடுப்பதாகத் திட்டம். அலைச் சத்தத்தைப் பிறகு சேர்க்க இருந்தேன். அதனால் வீடியோவின் மைக் திறந்திருப்பதை நினைக்கவே இல்லை.

சுவரில் முதலில் ஆமிக்காரர் வந்து போனார். ஒழுங்கையில் மகள் வந்ததும் தாய் கதிரையை விட்டு எழும்பினார். அவளோடு கதைக்கத் தொடங்கினார். சாப்பிட்டாளா என்று கேட்டார். குளிருக்குக் காதை மூடச் சொன்னார். ரெயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னார். நான் மாதக்கணக்கில் கனவு கண்டது பேச்சில்லாத படம். நான் அவரை நிறுத்தவில்லை. அலைச் சத்தத்தைச் சேர்க்கவும் இல்லை. யோகா கற்களை நோக்கி நடக்க, படம் முடிகிற இடத்தில் அந்தக் குரல் கசெற்றில் அப்படியே இருக்கிறது: "ஆறுதலா நட பிள்ளை, நானும் வாறன்."

படத்தை எதில் எடுக்கலாம் என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு, மூன்று மாதம் யோசித்துக் கெட்டவன் என்ற தகுதியில் நான் சொல்வதெல்லாம், பார்க்கப்போகிறவர் வீட்டில் என்ன மெஷின் இருக்கிறதென்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான்.