தண்ணி ஏறாத ஃப்ரிட்ஜ்

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஒரு ஃப்ரிட்ஜை விற்றுக் கொடுத்தேன். அப்பா திணறிக்கொண்டிருந்த காரியத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டேன் என்கிற பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

அப்போது நாங்கள் முகப்பேரில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அந்த வருஷத்துக் கார்த்திகை மழையில் தெருவுக்குள் வந்த தண்ணீர் வீட்டுக்குள்ளும் நுழைந்து, என் இடுப்பளவுக்கு ஏறி, இரண்டு நாள் அசையாமல் நின்றது. நாங்கள் மாடி வீட்டுக்காரர்களின் கூடத்தில் படுத்துக்கொண்டோம். வடிந்தபின் இறங்கி வந்து பார்த்தால் கட்டில், துணி, என் புத்தகங்கள், என் சைக்கிள் எல்லாம் சேற்றுக்குள் கிடந்தன. ஃப்ரிட்ஜ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் வெள்ளைக் கதவில் பாதி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது.

அப்பா அதைப் பத்து நாள் வெயிலில் வைத்துக் காயவிட்டார். பின்பக்கத்து ஒயர்களை மாற்றினார். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கோட்டையும் போக்கிவிட்டார். மின்சாரம் கொடுத்ததும் அது பழையபடியே உறுமிக்கொண்டு ஓடியது, ஐஸும் கட்டியது. ஆனால் அம்மா அதில் ஒரு தம்ளர் பால் வைக்கக்கூடச் சம்மதிக்கவில்லை. சாக்கடைத் தண்ணி நின்ன பெட்டியில் வைத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பா கம்பெனியில் கடன் போட்டுச் சின்னதாகப் புதிது ஒன்று வாங்கினார். பழையதை விற்றால் எனக்கு ஒரு சைக்கிள் என்று பேச்சாயிற்று.

அந்த மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். தண்ணி ஏறினதா? வண்டியோ மிக்ஸியோ கட்டிலோ, இதைக் கேட்டுவிட்டுத்தான் விலைக்கு வருவார்கள். சிலர் குனிந்து, அடியில் விரலை விட்டுத் தடவி, மண் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினது என்றால் பாதி விலை, அதற்குமேல் பேரம் கிடையாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. தண்ணி ஏறாமல் இருந்தால் ஏழாயிரம் பெறும், ஏறினதைச் சொல்லி மூன்றரைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அம்மாவுக்கு மனசு வரவில்லை.

"ஓடுற பெட்டிதானேங்க. கேட்டா சொல்லுங்க. கேக்கலேன்னா நீங்களா எதுக்கு வாயைக் குடுக்கறீங்க?"

கடைசியில் அதுவே முடிவானது. கேட்டால் உண்மை, கேட்காவிட்டால் ஏழாயிரம். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றரைக்குப் போனால் கடனுக்கே சரியாகிவிடும், சைக்கிள் வராது என்கிற கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. அம்மா பால் வைக்க மறுத்த பெட்டியில் வேறு யாரோ எதையோ வைத்துச் சாப்பிடப்போகிறார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை. அது அம்மாவுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

தை பிறந்து, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகு ஓர் அக்கா வந்தாள். திருமழிசையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறவள். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்பதையெல்லாம் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஊட்டாண்ட ஒரு கடை ஃப்ரிட்ஜுல மாவ வெச்சுகினு கீறேன்க்கா. அவன் வாடகை கேக்குறான். சொந்தமா ஒண்ணு இருந்தா இன்னும் நாப்பது பாக்கெட் போடுவேன்."

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். உள்ளே கையை வைத்துக் குளிரைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் கேட்டதை அவளும் கேட்டாள்.

"தண்ணி கிண்ணி ஏறினதாணா?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கும் பதிலுக்கும் நடுவில் நான் புகுந்தேன்.

"எங்க வீட்டுக்குத் தண்ணியே வரலைக்கா. மூணாவது படியோட நின்னுடுச்சு."

எங்கள் வீட்டுக்கு இருந்ததே இரண்டு படி. அந்த மூன்றாவது படி எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜுக்கு அடியில் விரலும் விடவில்லை. என் கன்னத்தைத் தடவினாள்.

"கொயந்த சொல்லிச்சுல்ல, போதும்ணா. பெரியவங்கதான் உள்ள ஒண்ணு வெச்சுகினு வெளிய ஒண்ணு பேசுவாங்க."

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அக்கா பணத்தை எண்ண ஆரம்பித்ததும், ஆறாயிரம் போதும் என்று அவராகவே சொன்னார். அவள் கேட்காமலே ஆயிரத்தை விட்டுக்கொடுத்தாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

சைக்கிள் வாங்கியதிலும் அப்படித்தான். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஓர் அம்மா தன் பையனுடைய சைக்கிளை இரண்டாயிரத்துக்கு விற்பதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் போனதும், முன்பக்கம் ஒருமுறை உடைந்து வெல்டிங் வைத்தது, ஆயிரத்து ஐந்நூறு கொடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். நாங்கள் கேட்கவே இல்லை. அப்பா கொஞ்ச நேரம் அந்த வெல்டிங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டாயிரத்தை அந்த அம்மாவின் கையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு விவரம் இல்லாத மனிதரா என் அப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குத் திருமழிசைப் பக்கம் ஏதாவது ஒரு வேலை முளைத்தது. என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போவார். எந்த வேலையானாலும் அது அக்கா வீட்டு வாசலில்தான் முடியும். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, காதைக் கொடுத்துக் கேட்பார். ஒருமுறை வீட்டில் சும்மா கிடந்தது என்று ஒரு ஸ்டெபிலைசரை மாட்டிவிட்டு வந்தார். அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்ததே நான்தான். அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு மாவு பாக்கெட்டை என் கையில்தான் கொடுப்பாள். "உன்னைக் கேட்டுகினுதான வாங்குனேன்" என்பாள். திங்கட்கிழமை காலையில் அந்த மாவில் தோசை வார்த்தால், அப்பா வயிறு சரியில்லை என்று வெறும் காபியோடு வேலைக்குப் போய்விடுவார். பாவம், அப்பாவுக்குத் திங்கட்கிழமை வயிறு என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு போனபோது வாசலிலேயே புளித்த வாசனை அடித்தது. முந்தின நாள் மத்தியானம் ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருந்தது. வெயிலில் மாவு பொங்கி, பாக்கெட்டுகள் உப்பி வெடித்திருந்தன. ஒரு விசேஷ வீட்டுக்கு ஒப்புக்கொண்ட மாவு அத்தனையும் வீண். இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் நிறைய மாவை வாசலில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. எங்கள்மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

"உன் மேல இன்னாணா கீது? நல்ல பொருளுதான் குடுத்த. பாப்பாவே சொல்லிச்சே. என் ராசி அப்படி. நான் தொட்டா எதுவும் வெளங்காது."

அப்பா நேராக உள்ளே போனார். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் கீழே இருந்த தகட்டைக் கழற்றினார். செல்போன் வெளிச்சத்தை நான் பிடித்துக்கொண்டேன். கம்ப்ரஸருக்குப் பின்னால், அவர் கை எட்டியிருக்காத மூலையில், காய்ந்த சேறு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதில் ஒரு சின்ன நத்தை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அக்கா டீயோடு வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது. அப்பா கைக்குட்டையை எடுத்து, அந்தச் சேற்றைச் சுரண்டி, நத்தை ஓட்டோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள இன்னாணா?"

"ஒண்ணும் இல்லம்மா. கம்ப்ரஸர் போயிடுச்சு. உன் ராசி எல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் சரியாப் பாக்காம குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னபோதும் சொன்னார். மறுநாள் லீவு போட்டு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் புது கம்ப்ரஸர் வைத்துக்கொடுத்தார். சிநேகிதனிடம் சும்மா கிடந்தது, காசு வேண்டாம் என்று அவளிடம் சொன்னாராம். அம்மா இதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதமும் அடுத்த மாதமும் அவர் ஓவர்டைம் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தார்.

அந்த ஞாயிறு வீட்டுக்குத் திரும்புகிறபோது, வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி அவர் காதருகே சொன்னேன்.

"நல்லவேளைப்பா, அக்கா பாக்கலை."

அவர் பூந்தமல்லியில் வண்டியை ஓரம் கட்டி இரண்டு கரும்புச்சாறு வாங்கினார். தன்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் என்னிடமே நீட்டினார். இரண்டையும் நான் குடித்தேன். ஆறாயிரம் ரூபாயைக் காப்பாற்ற அப்பா சேற்றை மறைத்துவிட்டார் என்றும், கடைசியில் அவருக்கும் விவரம் வந்துவிட்டது என்றும், இனி நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள் என்றும் எனக்கு ஒரே சந்தோஷம்.

தண்ணி ஏறினது என்று அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு முடிந்திருக்கும். கம்ப்ரஸரும் வேண்டாம், ஓவர்டைமும் வேண்டாம். ஆனால் அதைச் சொன்னால், பொய் சொன்னது யார் என்று அக்கா யோசிக்கவே வேண்டியதில்லை, நான்தான் என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறும் அவள் என் கன்னத்தைத் தடவி, மாவு பாக்கெட்டை என் கையில் வைத்தாள். நத்தை ஓட்டோடு சேர்த்து அப்பா சட்டைப்பையில் ஒளித்து எடுத்துவந்தது என்னைத்தான் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.