தவிட்டுக்கு வாங்கியவள்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேய், முனி என்று யாராவது வாயெடுத்தாலே எழுந்து போகச் சொல்கிறவள் நான். வேப்பிலை அடிக்க வந்த பூசாரியை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதையும் பேய்க்கதை என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளையை ஒருத்தி என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள், அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் நடந்தது. கறம்பக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். எனக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, மூன்றாவது முருகேசன். நாலு வயதில் அவனுக்குத் தொண்டை அடைப்பான் வந்து, மூச்சு விட முடியாமல் முகமெல்லாம் நீலம் பாரித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார், ஊசி போட்டார், தொத்து வியாதி என்று கடைசி அறையில் தனியாகப் படுக்க வைத்தார். கூட நான் மட்டும் இருக்கலாம், பெற்ற தகப்பன்கூட உள்ளே வரக்கூடாது, கதவருகே ஆயா காவல். "இன்னிக்குப் பொழுது தாண்டட்டும்மா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். துண்டின் முனையை அவிழ்த்துக் காட்டினார், உள்ளே ஒரு கை தவிடு. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் அப்படிச் செய்வது உண்டு. சாகக் கிடக்கும் பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், எமன் வந்து இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று திரும்பிவிடுவானாம். பிழைத்த பிறகு அதே தவிட்டைக் கொடுத்து மீட்க வேண்டும், அதனால் சொந்தபந்தத்தில் தெரிந்தவளாகப் பார்த்துத்தான் விற்பார்கள்.

"யாருக்கு வித்தீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பொம்பள தவுட்டுக்கூடையோட நின்னுச்சு."

"பேரென்ன? எந்த ஊரு?"

"கேக்கலையே."

"அட கூறுகெட்ட மனுசா!" என்று கத்திவிட்டுத் திரும்பினால், கட்டிலின் அந்தப் பக்கம் முக்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்! கண்டாங்கிச் சேலை, முழங்கை வரை தவிட்டுத் தூசி. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிள்ளை நெற்றியில் கை வைத்திருந்தாள், குழாயில் கொரகொரவென்று இழுத்துக்கொண்டிருந்த மூச்சு அப்படியே சீராகிறது. "யாருடி நீ, எந்திரி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆயா ஓடி வந்தாள். "யாரச் சொல்ற ஆத்தா? யாருமே உள்ள வரலையே" என்றாள். சொல்லிக்கொண்டே அந்த முக்காலியை இழுத்து ஓரமாகப் போட்டாள், வெறும் முக்காலி. நம்பினால் நம்புங்கள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வந்தாள். அவள் வந்துபோனால் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று தேறும். காய்ச்சல் இறங்கியது, விரல் அசைந்தது, பால் தொண்டையில் இறங்கியது. ஊசி வேலை செய்கிறது என்றார் டாக்டர், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இவள் எதற்கு என்று ஒருநாள் கதவைத் தாழ்போட்டு, அந்த முக்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் ஏறியது, கொடுத்த பால் மூக்கு வழியாக வந்தது. சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தேன். "வந்து தொலை" என்றேன். வந்தாள். பெற்றவளை இப்படிக் கெஞ்ச வைத்தாளே, அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

குழாயை எடுத்த அன்று டாக்டர், "பேசுப்பா" என்றார். முருகேசன் என்னைத் தாண்டி, யாரும் இல்லாத அந்த முக்காலியைப் பார்த்து "ஆத்தா" என்றான். தொண்டையில் காற்றுதான் வந்தது, ஆனாலும் தெளிவாகச் சொன்னான். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்கு ஓங்கி அழ வேண்டும்போல் இருந்தது.

வீடு திரும்பிய பிறகு என் வீட்டுக்காரர் தவிட்டை முடிந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கும் சந்தைக்குமாக அலைந்தார். அப்படி ஒரு பொம்பளையை அங்கே யாருக்கும் தெரியவில்லை. மீட்காமலே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தவிட்டுச் சேதியை மட்டும் முருகேசனிடம் மூச்சுவிடக் கூடாது என்று இருவரும் பேசிவைத்திருந்தோம், நானும் இன்றுவரை சொல்லவில்லை.

அவன் கல்யாணத்தில் பெரியவர்கள் என் காலில் விழச் சொன்னார்கள். மாலையும் கழுத்துமாக வந்தவன், எனக்கு இடது பக்கம் ஓரடி தள்ளி, வெறும் தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்த பிறகுதான் என்னிடம் வந்தான். கூட்டம் கலைந்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"யாரு கால்லடா மொதல்ல விழுந்த?"

"அந்த ஆத்தா கால்லதான். ஒன் பக்கத்துலதான நின்னுச்சு? மொதல்ல அதுக்கு, அப்பறந்தான ஒனக்கு?" என்று என்னையே விசித்திரமாகப் பார்த்தான்.

சுமந்து பெற்றது நான், பீ மூத்திரம் அள்ளியது நான். இன்றைக்கும் என் இடது பக்கம் காலியாகக் கிடந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.