என்.ஓ.கே. என்றால் நான்தான்

என்.ஓ.கே. என்றால் 'நாட் ஓகே' என்று நான் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவன் நான்தான். ஆனாலும் அந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயம் இருந்தது.

திண்டிவனத்தில் விவசாயிகள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் இடத்தைக் கமிட்டி என்போம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிறவன் நான். குத்தூசியை மூட்டைக்குள் செருகி இழுத்தால் நாலைந்து காய் வரும். உடைத்துப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் சாக்கின்மேல் சாக்பீஸால் ஓ.கே. என்று எழுதுவேன். ஈரமாக இருந்தால் முன்னால் ஒரு 'என்' சேர்ப்பேன். என்.ஓ.கே. அந்த மூட்டையை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஓரமாக உருட்டிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவனுடைய போனில் ஒரு நாள் காலை இங்கிலீஷ் எழுத்தில், 'சன் என்.ஓ.கே. இன்றே விழுப்புரம் ஆபீஸ் வரவும். ஆதார் கொண்டுவரவும்' என்று ஒரு செய்தி வந்தால் அவன் என்னவென்று படிப்பான்?

என் மகன் பட்டாளத்தில் இருந்தான். மலைமேல் ஒரு காவல்சாவடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவன் போனுக்கு சிக்னல் கிடைக்கும். செய்தியை அனுப்பியவர் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார். விழுப்புரத்தில் படைவீரர் குடும்பங்களுக்கு உதவுகிற ஆபீசில் திங்கள் முதல் வெள்ளி வரை உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை திண்டிவனத்துக்கு வந்து, ஒரு கல்யாண மண்டபத்துப் பின்னறையில் எங்களையெல்லாம் கூட்டுவார். கேன்டீன் கார்டு, பிள்ளைகளின் படிப்பு உதவி, விதவைப் பென்ஷன் என்று எதற்கும் அவரிடம் எழுதிக் கொடுக்க ஒரு பாரம் இருக்கும். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவரே என்.ஓ.கே. என்று எழுதிவிட்டார் என்றால் முடிந்தது கதை.

அவருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. கேட்கிறவரை அது உண்மையாகாது என்று ஒரு கணக்கு. விழுப்புரத்திலேயே கட்டிக்கொடுத்திருக்கும் என் மகளையாவது கூப்பிட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. கைவேலையைப் போட்டது போட்டபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். போட்டது போட்டபடி என்று சொல்வதும் தப்பு. குத்தூசி கையிலேயே இருந்தது.

"யோவ், இன்னாத்துக்குய்யா கத்தியத் தூக்கிக்கினு பஸ்ஸுல ஏறுற?" என்று கத்தினார் கண்டக்டர்.

"கத்தியில்லைங்க, குத்தூசி."

"அத்த வச்சி யாரக் குத்தப் போற?"

"மல்லாட்டையங்க" என்று சொல்லிவிட்டு விசும்ப ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார்.

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் இரும்பை என்ற ஊரிலுள்ள மாகாளேசுவரருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோதுதான் தலையைத் தடவிப் பார்த்தேன். பத்து வருஷமாக அங்கே முடியே கிடையாது. சாமியிடமே போலிச் சரக்கை ஓ.கே. போட்டுத் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் இறங்கி அந்த ஆபீசின் படியேறினேன். ஹவில்தார் டீ குடித்துக்கொண்டிருந்தார். செத்த வீட்டுச் செய்தி சொல்லப்போகிறவர் பிஸ்கட்டை டீயில் நனைப்பாரா? அதுகூட உறைக்கவில்லை எனக்கு.

"எப்போ சார்?" என்றேன்.

"இன்னா எப்போ? சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் அனுப்பணும்யா. ஒக்காரு. ஆதாரு எங்க?"

"செத்தவனுக்கு எதுக்கு சார் ஆதாரு?"

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "யாருய்யா செத்தது?"

போனை நீட்டினேன். படித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குத்தூசியைப் பார்த்தார். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"நெக்ஸ்ட் ஆஃப் கின்னுய்யா! பட்டாளத்துக்காரனுக்கு ஒண்ணுன்னா மொதல்ல யாருக்குச் சொல்லணுமோ, அந்த ஆளு. ஒம் பையனுக்கு என்.ஓ.கே. நீதான்."

"அது தெரிஞ்ச விஷயந்தான் சார். எங்க வூட்ல நாட் ஓகே எப்பவும் நான்தான்."

ஆபீசே சிரித்தது. உயிர் திரும்பி வந்தவனுக்கு வாய் எவ்வளவு நீளும்! அழுத கண்ணோடு நானும் சிரித்தேன். ஹவில்தார் என் பர்ஸில் இருந்த ஆதாரை வாங்கி, யூனிட்டிலிருந்து வந்த லிஸ்ட்டோடு ஒத்துப்பார்த்தார். பேர் சரி, விலாசம் சரி. போன் நம்பருக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது ஒன் நம்பரு இல்லியே. யாருது?"

எட்டிப் பார்த்தேன். என் மகளுடைய நம்பர்.

வாசலுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். "ஏம்மா, தம்பி என் பேரப் போட்டுட்டு ஒன் நம்பரக் குடுத்துக்கிறானே, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. என்னக் கேட்டுட்டுத்தான் குடுத்தான்."

"என்னக் கேக்கலியே?"

"அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ நீ பண்ணது ஞாபகங்கீதா?" என்றாள்.

ஞாபகம் இருந்தது. டாக்டர் 'கஷ்டம்தாங்க' என்று சொன்னவுடன் நான் தடாலென்று விழுந்துவிட்டேன். பெண்டாட்டி உயிரை விட்டுக்கொண்டிருந்த வார்டில், பக்கத்து வரிசையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்த புருஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போனபோது அவள் என் கட்டிலின் பக்கம் இருந்தாள். அதை அவள் ஒரு தரமும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"சரி, ஒனக்குச் சேதி வந்தா எனக்கு எப்போ சொல்லுவ?"

"நீ சாப்ட அப்புறம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனிடமும் சண்டைக்குப் போனேன். "குத்தூசியத் தூக்கிக்கினு பஸ்ஸுல போனியாமே?" என்று மலைமேலிருந்து சிரித்தான். "அதாம்பா. ஒனக்குச் சொன்னா அப்புறம் ஒன்ன யாரு பாக்கறது? அக்கா தாங்கும்."

"நான் தாங்க மாட்டனா?"

"நீ தாங்குவியா?" என்று கேட்டான். கேலியில்லை, நிஜமாகவே கேட்டான். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஹவில்தார் ஒரு பாரம் கொடுத்திருந்தார். அதை மகனுக்கு அனுப்பினால், அவன் கையெழுத்துப் போட்டு யூனிட்டில் கொடுப்பான், என் நம்பரும் ஏறிவிடும். சட்டைப் பையில் மடித்து வைத்தேன். சட்டையோடு துவைத்தேன். இன்னொன்று கொடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டபத்துப் பின்னறையில் கேட்பார், "பாரம் இன்னாச்சிய்யா?"

"எலி தின்னுட்ச்சி சார்."

"போன வாரம் மழைல நனைஞ்சிதுன்ன?"

"நனைஞ்சத்தான் சார் தின்னுச்சி. காஞ்சது அதுக்குப் புடிக்கல."

அறையே சிரிக்கும். மரக்காணம் பக்கத்திலிருந்து வருகிற ஓர் அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். புருஷன் கடலுக்குப் போகிறவர், மகன் பட்டாளத்தில். போனை மடியிலேயே வைத்திருப்பார், மணி அடித்தால் தூக்கிவாரிப்போடும். "நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்துகிறோம். நீ இன்னாடான்னா பல்லக் காட்டிக்கினு கீற" என்பார். "எனக்கு மணி அடிக்காதுங்க. எம் பொண்ணுக்குத்தான் அடிக்கும்" என்பேன். அதுவும் ஜோக் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஜோக் இல்லை. முதல் முட்டாள்தனத்தை ஊர் முழுக்கச் சொன்னேன். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். அந்தப் பாரத்தை நான் வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. சேதி என்னிடம் வராது என்றால் சேதியே வராது என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு சௌகரியம்! தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலும் பயமில்லாமல் எடுத்தேன். வாசலில் ஜீப் நின்றாலும் எட்டிப் பார்க்கவில்லை. நான் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த வேளையிலெல்லாம் என் பயத்தை என் மகள் தன் போனில் போட்டுச் சுமந்துகொண்டிருந்தாள். மரக்காணத்து அம்மா மடியில் வைத்திருந்ததைத்தான் இவள் கைப்பையில் வைத்திருந்தாள். பிள்ளைகளை விடப் பள்ளிக்கூடத்துக்கும், மார்க்கெட்டுக்கும் அதோடுதான் போய்வந்தாள். ஒரு தரமாவது 'ஒனக்கு பேஜாரா இருக்காம்மா' என்று நான் கேட்டிருக்கலாம். பாரத்தை எலி தின்ற கதையைத்தான் அவளிடமும் சொன்னேன்.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மல்லாட்டை அறுவடைக் காலம். கமிட்டியில் நிற்க இடமில்லை.

பதினொன்றரை மணிக்கு மகள் போன் செய்தாள். என் வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

"சாப்டியாப்பா?" என்றாள்.

"பதினோரு மணிக்கே யாரு சோறு போடுவா? மாமியார் வூடா இது?" என்றேன். பக்கத்தில் இருந்த லோடுமேன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவள் சிரித்தாள்.

"வேள வேளைக்குச் சாப்டு. மத்தியானம் நான் வர்றேன்."

"இன்னாம்மா விசேஷம்?"

"ஒன்ன வந்து பாக்கக் கூடாதா? நல்லாச் சாப்டு" என்று வைத்துவிட்டாள்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. பசி நன்றாக இருந்ததால் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து எலிக் கதையைப் புது வியாபாரி ஒருவருக்குச் சொன்னேன்.

மூன்றரை மணிக்குக் கமிட்டி கேட்டில் மகள் வந்து நின்றாள். கூட ஹவில்தார். செவ்வாய்க்கிழமையில் அவர் திண்டிவனத்துக்கு வரமாட்டார். நான் குத்தூசியைக் கீழே வைத்தேன்.

"சாப்டியா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"சாப்டேன்" என்றேன்.

மலைப்பாதையில் வண்டி உருண்டு என் மகன் இறந்தது அன்று விடியற்காலை. யூனிட்டிலிருந்து என் மகளுக்குப் போன் வந்தது பத்தே காலுக்கு. எனக்குச் சொன்னது மூன்றரைக்கு. நான் விழவில்லை. விழுந்தது அவள்.