திருடன் கழற்ற முடியாத திருகாணி

ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரியிடமிருந்து என் அக்காவின் கணவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். மாமா சுரங்க ஆபீசில் குமாஸ்தா. காருக்கு அவரைவிட வயது அதிகம் என்று அக்கா சொல்வாள். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் யாருடைய மோட்டார் சைக்கிள் விளக்கோ திருடு போனதாகக் கேள்விப்பட்டதும் மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் அப்போது நந்திதுர்க் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டர். பெங்களூரில் ஒரு கடையில் புதுவகைத் திருகாணி கிடைத்தது. தலையிலுள்ள வெட்டின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. முடுக்கினால் உள்ளே போகும். கழற்றப் பார்த்தால் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். காரின் முன்விளக்குகளில், விளக்குக்கு இரண்டு வீதம் நானே முடுக்கினேன். இனி எந்தக் கொம்பனாலும் கழற்ற முடியாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

மூன்றாம் மாதம் இடப்பக்க விளக்கு அணைந்தது. பங்காருபேட்டை ரஸ்தாவில் போலீஸ்காரர் ஒருவர் மாமாவை நிறுத்தி, இனி ஒற்றைக் கண்ணோடு வந்தால் விடமாட்டேன் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினாராம். மறுநாள் ஞாயிறு. கோயில் பூசை முடிந்து வந்ததும் மாமா புது பல்பும் கையுமாக நின்றார்.

ஸ்க்ரூ டிரைவர் நான்கு முறை வழுக்கி, ஐந்தாவது முறை என் பெருவிரலைக் கிழித்தது. தலை உருண்டையாக வழவழவென்று இருந்ததால் குறடும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். வாசனை வந்தது, திருகாணி வரவில்லை. பட்டறை ஆட்களைக் கூப்பிடலாமே என்றாள் அக்கா. அதற்கு வேலையையே விட்டுவிடலாம் என்று தோன்றியது எனக்கு.

மாமா முக்காலியில் உட்கார்ந்தபடி சாவதானமாகக் கேட்டார்: "ஏன் மச்சான், அந்தத் திருடனையே தேடிப் புட்சினு வந்தா இன்னா?"

"அவனாலயும் ஆவாது மாமா. அதுக்குத்தான போட்டது," என்றேன். அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடால் திருகாணித் தலைகளின் குறுக்கே புதிதாக வெட்டுப் போட்டேன். விளக்கின் பளபளப்பான வளையத்திலும் கோடு விழுந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இம்முறை ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது. இரண்டும் கழன்றன. கண்ணாடியை எடுத்துப் பார்த்தால், பழைய பல்பு நன்றாகத்தான் இருந்தது. ஒயர் ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகினேன். மாமா சுவிட்சைப் போட்டார். எரிந்தது.

சாதாரணத் திருகாணிகளைப் போட்டு மூடினேன். அதன்பிறகு மாமா காரை எங்கே நிறுத்தினாலும், கோடு தெரியாதபடி இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டியே நிறுத்தினார். அந்தப் பக்கக் கதவைத் திறக்க முடியாமல், அக்கா புடவையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்து இறங்குவாள். இறங்கும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுவாள்.