பவளம் போட்ட கணக்கும் என் துணைத் தேர்வும்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து புத்தகம் படிப்பார்கள் என்று நினைப்பவர்கள், ஒரு நாள் புதுமடம் பக்கம் வந்து எங்கள் கடற்காற்று உள்ளே கொண்டுவந்து போடும் மணலைப் பார்க்க வேண்டும். காலையில் துடைத்த அலமாரியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அந்த மணலைத் துடைப்பதும், ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் போட்ட பேப்பரை மறுபடி ஒன்று சேர்ப்பதும், நூலகர் சாருக்கு டீ வாங்கி வருவதும்தான் என் வேலை. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் சொல்லாமல் நானாகச் செய்வது அது.

இந்த வேலையும் நிரந்தரம் இல்லை. பத்தாவது பாஸ் செய்தால் உதவியாளராகப் போடலாம், இல்லையென்றால் படித்த வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். நான் ஒன்பதாவதில் நின்றவள். நயினார்கோவில் பக்கம் எங்கள் அய்யாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, மிளகாய்ப் பழம் எடுக்கப் போனவள் பள்ளிக்கூடம் திரும்பவே இல்லை. இந்த வயதில் தனியாகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதினேன். தமிழ் முதல் சமூக அறிவியல் வரை எல்லாம் பாஸ். கணக்கில் மட்டும் போய்விட்டது. துணைத் தேர்வு ஒன்றுதான் மிச்சம். கணக்கு என்றதும் புத்தகத்தை மூடிவிடுகிற சகோதர சகோதரிகளே, அடுத்து நடந்ததை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

தாண்டிப் படித்த புத்தகங்கள்

கைடு வாங்கினேன். திறந்தால் தலை சுற்றியது. மூடினால் கவலை வந்தது. திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் மேஜையில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த நூலகர் சார், சிறுவர் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். அங்கே பவளம் இருந்தாள்.

பவளத்தை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் அந்தக் கதைப் புத்தக வரிசை இருந்தது. கடற்கரை ஊரில் ஒரு பதினாலு வயதுப் பெண். கணக்கென்றால் அவளுக்கு உயிர். திருட்டு, புயல், காணாமல் போன வள்ளம், எது நடந்தாலும் ஒரு குச்சியை எடுத்து மணலில் படம் போட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் நமக்கும் ஒரு கணக்கு வைப்பாள். அந்த வரிசையை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன் என்று சாரிடம் பெருமையாகச் சொன்னேன். கணக்கு வருகிற பக்கங்களை மட்டும் தாண்டிவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அப்ப நீங்க அட்டையைத்தான் படிச்சிருக்கீங்க.”

பவளத்தின் அம்மா

மறுபடி முதல் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். சின்ன வயதில் படித்தபோது, பவளம் வள்ளத்தில் தனியாக ஏறி ஆழம் பார்க்கப் போகும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது அதே பக்கத்தைப் படித்தால் வேறு யோசனை வருகிறது. காற்று மாறினால் என்ன செய்வாள்? யாரிடம் சொல்லிவிட்டுப் போனாள்? ரயில் பாலத்தின் மேல் நடந்து கட்டைகளை எண்ணிப் பாலத்தின் நீளம் சொல்கிறாள். ரயில் வந்தால்? அவள் அம்மா ஒரு புத்தகம் விடாமல் வாசலில் நின்று “சாப்பிட வா” என்று கூப்பிடுகிறாள். ஒரு புத்தகத்திலும் அந்தப் பெண் சூடாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் நூலகத்தில் பவளத்தின் முதல் ரசிகை ஹசீனா. ஒன்பதாவதுதான் படிக்கிறாள், ஆனால் பத்தாவது கணக்கையும் இப்போதே போடுவாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் வந்து எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அந்த அம்மா பாவம், மீனை எத்தனை தடவை சுட வைப்பாள், மகள் வருகிறாளா என்று கரையில் நின்று நின்று கால் வலிக்காதா என்று கேட்டேன். ஹசீனா கடைசி வரை கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இதுல பவளத்தோட உம்மா இம்புட்டுப் பேசவே இல்லையே. எல்லாம் நீங்கதான் பேசுறீங்க.”

பென்சில் விடைகள்

பவளம் வைக்கிற கணக்குகளுக்குக் கீழே யாரோ பென்சிலில் விடை எழுதியிருந்தார்கள். குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. சில விடைகளின் கீழே இரண்டு கோடு வேறு. அவ்வளவு தைரியமாகக் கோடு போட்டவர் தெரிந்துதான் போட்டிருப்பார் என்று நம்பினேன். நான் போட்டுப் பார்த்த விடை பென்சில் விடையோடு ஒத்துப்போகாத போதெல்லாம், என்னுடையதை அழித்துவிட்டு அதற்கு ஏற்றாற்போல் வழியை மாற்றினேன். சில கணக்குகளுக்கு வழி கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அடுப்பில் பால் பொங்கியது, குழம்பு அடிப்பிடித்தது. இத்தனை வயதுக்கு மேல் மூளை ஓடாது போல என்று வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் அடுப்பை அணைத்தார்.

கடைசியில் ஹசீனாவிடமே கேட்டேன். ஒரு வட்டமான கிணற்றின் சுற்றளவு எப்படி அதன் குறுக்களவை விடச் சின்னதாக வருகிறது, எனக்கு விளங்கவே இல்லை என்று காட்டினேன். அவள் பார்த்தாள். முகம் சிவந்தது. ரப்பரை எடுத்து அவசரமாக அழிக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, யாருட்டயும் சொல்லிறாதீங்க. இது நான் நாலாவது படிக்கையில எழுதினது.”

சஹன் சாப்பாடு

ஒரு நாள் ஹசீனாவின் உம்மா நேராக நூலகத்துக்கே வந்துவிட்டார். கையில் பவளத்தின் ஐந்தாம் புத்தகம். வீட்டில் மூத்த மகளுக்கு நிக்காஹ் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஏதாவது பக்கத்தைக் கிழித்துவிட்டார்களோ, அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டுமோ என்று எனக்குப் படபடப்பு.

விஷயம் வேறு. அவர்கள் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. அந்தப் புத்தகத்தில் பவளம் ஒரு விருந்துக்கு அரிசிக் கணக்குப் போடுவாள். அதைப் படித்துவிட்டு ஹசீனா, எத்தனை சஹன், ஒரு சஹனுக்கு எவ்வளவு அரிசி, பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லாம் போட்டு, பண்டாரியிடம் கொடுத்திருக்கிறாள். அந்தச் சமையல்காரரும் அதை நம்பி ஆக்கிவிட்டார்.

“சோறு பத்தலையா அக்கா?” என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“பத்துச்சு. அல்லா புண்ணியத்துல எல்லாருக்கும் பத்துச்சு. ஒரு பருக்கை குறையல, ஒரு பருக்கை மிஞ்சல.”

“அப்புறம் என்னக்கா?”

அவர் புத்தகத்தை மேஜையில் தட்டினார். “என்னக்காவா? பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு கிண்ணம் இல்ல. சம்பந்தி வீட்டுக்குக் கட்டிக் குடுக்க ஒரு பொட்டலம் இல்ல. மிச்சமில்லாம ஆக்குறதுக்குப் பேரு கல்யாணச் சோறா? இனிமே இந்தப் பொண்ணு கதை எம்மகளுக்கு வேணாம், வேற எதாச்சும் குடு, கணக்குத் தெரியாத பொண்ணு கதையாப் பாத்துக் குடு.”

இரண்டு கப்பல்கள்

எட்டாம் புத்தகத்தில் பவளம் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறாள். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரே பக்கத்தில், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கப்பல். ஒன்றுக்கு இறக்கக் கோணம் நாற்பத்தைந்து, இன்னொன்றுக்கு முப்பது. கப்பல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்? பரீட்சைக்கும் இதே மாதிரி வரும் என்று ஹசீனா அடித்துச் சொல்லியிருந்தாள். எதுவானாலும் முதலில் படம் போடு என்பது பவளத்தின் வழக்கம். நானும் போட்டேன். எழுபத்தைந்து மீட்டர் விளக்கத்துக்கு, ஏறக்குறைய ஐம்பத்தைந்து மீட்டர் என்று விடை வந்தது. முதல் தடவையாக ஒரு கணக்கு எனக்கு யாருடைய உதவியும் இல்லாமல் வந்தது. சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஜன்னல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த செய்யது அண்ணன் எழுந்து வந்தார். நாற்பது வருசமாகக் கடலுக்குப் போகிறவர். என் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கணக்கில் ஆட்சேபணை இல்லை. கப்பலில்தான் ஆட்சேபணை.

“ஏம்மா முத்து, அம்பத்தஞ்சு மீட்டர்ல முன்னயும் பின்னயும் ரெண்டு கப்பலா? முதல்ல வயர்லெஸ்ல கூப்பிட்டு வெலகிப் போகச் சொல்லு, கோணத்தைப் பொறவு பாக்கலாம்.”

கேட்டுக்கு வெளியே

ராமநாதபுரத்தில் பரீட்சை. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நுழைவுச் சீட்டு இருக்கிறதா என்று உச்சிப்புளி தாண்டுவதற்குள் பையைத் திறந்து திறந்து பார்த்ததில் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட வாசலில் காவலாளி, பெற்றவர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று என்னைத் தடுத்தார். நானும் பழக்கத்தில் இரண்டடி பின்னால் போய், வேப்பமரத்து நிழலில் மற்ற அம்மாக்களோடு நின்றுவிட்டேன். மணி அடித்த பிறகுதான் உள்ளே போக வேண்டியவள் நான் என்பது நினைவுக்கு வந்து ஓடினேன்.

வினாத்தாளில் கலங்கரை விளக்கம் இருந்தது! அதே கோணங்கள், ஒரே பக்கத்தில் இரண்டு கப்பல். படம் போட்டேன். போடும்போது செய்யது அண்ணன் முகம் வந்து நின்றது. இவ்வளவு நெருக்கமாகவா, காற்றில் ஒன்று திரும்பினால் என்ன ஆவது என்று மனசு அடித்துக்கொண்டது. என்னை அறியாமல் ஒரு கப்பலை விளக்கத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்து, நிம்மதியாகக் கணக்கை முடித்தேன். ஒரே பக்கம் என்று கேள்வியில் இருந்தது, திரும்பும் பஸ் பெருங்குளம் வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பஸ்ஸிலேயே அழுதேன். வேலை போய்விட்டது என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன்.

மறுநாள் நூலகத்தில் செய்யது அண்ணனிடம் உங்களால்தான் என்று சண்டைக்குப் போனேன். அவர் பேப்பரை இறக்கவே இல்லை.

“விடு தாயி. ரெண்டு கப்பலும் நல்லபடியா இருக்குல்ல.”

முடிவு வந்த மத்தியானம்

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கும் கவலை வரும். ஒவ்வொரு தடவை சாருக்கு டீ வைக்கும்போதும் இது எத்தனை நாளைக்கோ என்று நினைத்துக்கொள்வேன். யாராவது படித்த பெண் உள்ளே வந்தால், உறுப்பினராகச் சேரத்தான் வந்தாள் என்று தெரியும்வரை எனக்குக் கை ஓடாது.

முடிவு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் பார்க்க மாட்டேன் என்று ஹசீனாவிடம் போனைக் கொடுத்துவிட்டு, சிறுவர் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஏற்கனவே துடைத்த தட்டைத் துடைத்தேன். போன் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் டவர் கிடைப்பதும் மழை கிடைப்பதும் ஒன்று. நூலகத்தில் இருந்த எல்லாப் பேப்பரும் கீழே இறங்கியது. செய்யது அண்ணன்கூட எழுந்து நின்றார்.

“அக்கா,” என்றாள் ஹசீனா.

“சொல்லிரு புள்ள. வேற எங்கனயாச்சும் போயிப் பொழைச்சுக்கிறேன்.”

“முப்பத்தேழு, அக்கா! பாஸ்!”

அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தைந்துக்கு மேல் இரண்டு. அந்த இரண்டும் எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுகூட்டல் என்று போட்டு யாராவது திரும்பப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று உடனே ஒரு பயம் வந்தது. ஹசீனா என் கையைப் பிடித்துச் சுற்றினாள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று நானே எழுதி ஒட்டிய அட்டைக்குக் கீழேதான் அவ்வளவு சத்தமும். நூலகர் சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவர் காசில் எல்லாருக்கும் டீ சொன்னார். வாங்கப் போனதென்னவோ நான்தான்.

திரும்பி வந்ததும் சார் எல்லார் முன்னாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: “முத்துலெட்சுமி அம்மா, நீங்க இனி உதவியாளர். இந்தத் துடைப்பத்தை இனிமே நீங்க தொடவே கூடாது. வேற ஆள் போடுற வரைக்கும் மட்டும் தொடுங்க.”

கணக்கு பிடித்த பெண்ணைப் பற்றி எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். கணக்கு பிடிக்காத பெண்ணுக்கு ஒரே ஒரு தடவை பாஸானால் போதும்.