அண்ணனின் பழைய வேட்டி

என் மதினி சாராளைப் போடி கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் பொன்னுராஜ் அவளுக்கு நேரெதிர். எங்கள் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும்போது அளவுக்கு மேல் நாலு விரல் விட்டுத்தான் கிழிப்பார். "ஏமாளி" என்று மதினி ஏசுவாள், ஏசிக்கொண்டே சிரிப்பாள்.

எழுபத்துநாலாம் வருடம் ஐப்பசி மழை. தீபாவளித் துணி விற்க எஸ்டேட்டுகளுக்குப் போன அண்ணனும், ஜீப் டிரைவர் சுருளியாண்டியும் போடிமெட்டு வளைவில் வண்டியோடு உருண்டு செத்துப்போனார்கள். "குடிச்சிருப்பான் அந்தப் பாவி" என்று மதினி நாள் தவறாமல் டிரைவரைக் கரித்துக் கொட்டினாள். ரோடு சரிந்ததுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. யாரையாவது ஏசினால்தானே எங்களுக்கும் மனசு ஆறும்!

அண்ணன் துணிகளை மதினி தகரப்பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. "எனக்கு இந்த வருசம் யாரும் பெறக்கல" என்றுவிட்டாள் மதினி. விடிகாலையில் வேதக்கோயில் மணி அடித்தது. மலையிலிருந்து இறங்கிய மஞ்சு தெருவையே மூடியிருந்தது. பாட்டு மட்டும் மிதந்து வந்தது, பாடுகிறவர்களைக் காணோம். எங்கிருந்தோ ஏலக்காய் வாசனை. நாங்கள் விழித்திருக்கிறோமா, கனவா என்றே எனக்குத் தெரியவில்லை.

மஞ்சுக்குள்ளிருந்து மருத்துவச்சி பஞ்சம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

"தாயி, பழைய வேட்டி ஒண்ணு வேணும். சுருளியாண்டி பொண்டாட்டி இருளம்மாளுக்கு இப்பத்தான் ஆம்பளப் பிள்ள பெறந்திருக்கு."

நான் மதினி முகத்தைப் பார்த்தேன்.

"எங்கிட்டயா வந்து கேக்குற?" என்றாள் மதினி.

"தகப்பன் வேட்டியிலதான் பிள்ளைய மொதல்ல சுத்தணும். அவன் துணியெல்லாம் அவனோடயே எரிச்சுட்டாக. கூடப் போனவுக துணி இங்கனதான இருக்கு?"

சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பாலகன் இயேசு பொம்மைக்கு மதினி வருடாவருடம் கடையிலிருந்து வெல்வெட் கொடுப்பாள். மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்கு வெல்வெட் ஏது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

மதினி இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். ஒரு வேட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டாள். அண்ணன் வாசனை எனக்கும் எட்டியது, அழுதுவிட்டேன்.

"நானே கொண்டாரேன்" என்றாள் மதினி.

மஞ்சுக்குள் மூவரும் நடந்தோம். முன்னால் போன மதினியின் வெள்ளைச் சேலை தெரிந்தும் மறைந்தும் போனது.

மதினியைக் கண்டதும் இருளம்மாள் சுவரோரம் ஒடுங்கினாள். இவள் பேசியதெல்லாம் அவள் காதுக்கும் போயிருக்குமே! மதினி அருகில் உட்கார்ந்து, பிள்ளையைச் சாணால் அளந்து, வேட்டியைக் கிழித்தாள். அளவுக்கு மேல் நாலு விரல் விட்டிருந்தாள்.

"ஒன் புருசன் மேல தப்பில்ல, தாயி. நான்தான் நாக்கூசாமப் பேசிட்டேன்."

இருளம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதினியும் அழுதாள். துணி சுற்றிய பிள்ளை மதினி மடியில் கண்ணை மூடிக் கிடந்தது. கர்த்தர் அழுகிற வீட்டைத் தேடித்தான் வருகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொர்ணம், வீட்டுக்குப் போயி நட்சத்திரத்தக் கட்டு. பிள்ள பெறந்தாச்சு."