மாமனார் கொடுத்த இரண்டாவது கோட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அடங்காத பொருள் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது தண்ணீர்தான். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்ட லிஃப்டையும் அதற்குள் நின்று கத்துகிற வக்கீலையும் அலட்டிக்கொள்ளாமல் கீழே இறக்கிவிடுவார். தூரிகை நுனியில் தொங்கும் ஒரு நீலத் துளி மட்டும் அவர் பேச்சைக் கேட்டதே இல்லை. வானத்தில் விட்டால் இலைக்குள் போய் உட்காரும். இலையில் விட்டால் மேஜை விரிப்புக்குக் குடிபோகும். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

வீட்டுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஒரு பேரி மரம் நிற்கிறது. வசந்தம் வந்தால் வெள்ளை வெளேரென்று பூக்கும். பலமாக ஒரு காற்று அடித்தால் அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது. வருஷா வருஷம் அந்தப் பூவை நீர்வண்ணத்தில் பிடிக்கக் கிளம்பி, பிழிந்து போட்ட சட்டை மாதிரி ஏதோ ஒன்றைப் பிடித்துவந்தவர் அவர். நீர்வண்ணத்தில் வெள்ளைப் பூவுக்கு வெள்ளை பூசுவதில்லை. இதழ் இருக்கும் இடத்தில் ஈரம் படாமல் காகிதத்தை அப்படியே விட்டு, சுற்றி வானத்தைத் தீட்ட வேண்டும். ஆகவே, பூவை வரைவது என்றால் பூவைத் தொடாமல் இருப்பது. இதை அவர் விளக்கியபோது, "அப்படிப் பார்த்தா வீட்டு வேலையிலயும் நீங்க பெரிய ஓவியர்தாங்க" என்று மனைவி ஒப்புக்கொண்டார்.

இந்த வசந்தத்தில் நூலகக் கூடத்தில் மலர் ஓவியக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். மெக்கானிக் விடுமுறை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். என்ன நல்ல நேரமோ, தண்ணீர் அன்று சொன்ன பேச்சு கேட்டது. ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் வந்து, பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்பதுபோல அடக்கமாக நின்றது. முடித்தபோது, இது தன் கைதானா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மருத்துவமனை லிஃப்ட் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. படத்தைக் காயவிட்டு ஓடினார்.

வீட்டில் மாமனார் இருந்தார். ஊரில் பாதிச் சுவர்களுக்கு வர்ணம் அடித்த மனிதர். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன சாமானைப்போலப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பயிற்சி கொடுக்க வருகிற அம்மாள் எவ்வளவு கெஞ்சியும் அந்தக் கை ஒரு கரண்டியைக்கூடப் பிடித்ததில்லை.

மெக்கானிக் திரும்பி வந்தபோது, வெளியே மரத்தைக் காற்று ஏற்கெனவே மொட்டையடித்திருந்தது. உள்ளே படத்திலும் பூ இல்லை. கிளை இருந்தது, இலை இருந்தது. இதழ் இருந்த இடமெல்லாம் வானத்தின் அதே நீலம், இம்மி பிசகாமல்.

"அங்கங்க விட்டுப்போயிருந்துச்சு, மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அதே கலர் கலந்து ரெண்டு கோட்டு குடுத்துட்டேன். எந்த இடம்னு இப்ப உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது."

இடது கை தாங்கிப் பிடிக்க, நடுங்குகிற வலது கையில் தூரிகை இருந்தது. வாசற்படியில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பா கை பிடிச்சிருச்சுங்க."

மெக்கானிக்குக்கு வாயில் வந்தவை அச்சில் ஏற்றத் தகாதவை. அவற்றை மென்று விழுங்கிவிட்டு, "சுத்தமா இருக்கு மாமா" என்றார்.

படத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது மனைவிதான். கண்காட்சிக்கு மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பார்க்க வந்தவர்கள் அந்தப் படத்தின் முன் குனிந்து, நிமிர்ந்து, பூவைத் தேடிவிட்டு, மரியாதையாக நகர்ந்தார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வரைந்த வெள்ளை அல்லிகள் தொங்கின. மாமனார் அங்கே வெகுநேரம் நின்றார்.

"இங்கயும் விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் மெதுவாக. வலது கை, எவர் உதவியும் இல்லாமல், சட்டைப்பைக்குள் போயிற்று.

உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க மெக்கானிக்குக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவும் மனம் வரவில்லை. "வாங்க மாமா, டீ குடிச்சிட்டு வரலாம்."

"நீங்க போங்க, மாப்பிள்ளை. நான் இதை முடிச்சிட்டு வரேன்."